குலக்கல்வியும் ஆரணித் தறிகளும்

பட்டுச் சேலையின் உடல் ஒரு நிறத்திலும் கரை வேறு நிறத்திலும் இருக்க வேண்டுமென்றால் அதை நெய்வதற்கு ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைகளுக்கும் ஒவ்வொரு நாடா என்று மொத்தம் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். இந்த முறைக்குக் கோர்வை என்று பெயர். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர் வலது பக்கத்தைப் பார்த்துக்கொள்வார். இடது பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிவிட இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவர் பல தலைமுறைகளாக வீட்டுப் பிள்ளைதான். பெரிய பலம் தேவைப்படும் வேலை இல்லை. ஆனால் நாள் முழுவதும் தறியை விட்டு நகரக் கூடாது. வெளி ஆளை வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். மகனோ மகளோ உட்கார்ந்தால் அந்தக் கூலி வீட்டிலேயே தங்கும். அது மட்டுமல்ல, தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிச்சுப் போடுவது, காலையில் தெருவில் பாவு நீட்டும்போது உடன் நிற்பது என்று நெசவில் சின்னக் கைகளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணி இப்படிப்பட்ட தறிகளால் வளர்ந்த ஊர். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989-ல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் தறிச் சத்தம் உண்டு. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. நெய்த சேலை காஞ்சிபுரத்துக் கடைகள் வரை போகிறது. ஆரணிப் பட்டு என்ற பெயரே புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது.

இப்படி ஒரு ஊரில் ஒரு பிள்ளை "நான் வேற வேலைக்குப் போறேன்" என்று சொன்னால், பெற்றவர்களுக்கு அது மன வருத்தத்தோடு முடிவதில்லை. அந்த வீட்டில் ஒரு நாடா நின்றுவிடுகிறது. வேறு ஊர்களில் பிள்ளையின் விருப்பமும் பெற்றவரின் ஆசையும் மோதுகின்றன என்றால், நெசவூரில் பிள்ளையின் விருப்பமும் குடும்பத்தின் சாப்பாடும் மோதுகின்றன. அதனால்தான் "பிள்ளையின் வாழ்க்கையை யார் தீர்மானிப்பது?" என்ற கேள்வி இங்கே அவ்வளவு எளிதானதல்ல.

இந்தக் கேள்வி 1953-ல் சென்னை மாநில அரசியலையே ஒரு புரட்டுப் புரட்டியது. அந்தக் கதைக்குப் போவதற்கு முன் இருபது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். ஏனென்றால் 1933-ல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. இரண்டும் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லின.

அடகு வைக்கப்பட்ட உழைப்பு

முதலாவது ஒரு சட்டம். இந்தியத் தொழிலாளர்களின் நிலையை ஆராய 1929-ல் பிரிட்டிஷ் அரசு விட்லி என்பவர் தலைமையில் ஒரு ராயல் கமிஷனை அமைத்தது. 1931-ல் வந்த அதன் அறிக்கை பல கொடுமைகளை வெளியே கொண்டுவந்தது. அதில் ஒன்று, பெற்றோர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பது. அமிர்தசரஸ் கம்பளத் தறிகளிலிருந்து சென்னைப் பக்கத்துப் பீடிப் பட்டறைகள் வரை இந்த வழக்கம் இருந்தது.

இதைத் தடுக்கக் குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதற்கு எதிரான சட்டம் 1933-ல் வந்தது. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் உழைப்பைப் பணத்துக்காகவோ வேறு பலனுக்காகவோ எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. எழுதிக் கொடுத்த பெற்றவருக்கு 50 ரூபாய் வரை அபராதம். தெரிந்தே வேலைக்கு வைத்துக்கொண்ட முதலாளிக்கு 200 ரூபாய் வரை. ஆனால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லாமல், நியாயமான கூலிக்கு, ஒரு வார முன்னறிவிப்பில் விலகிக்கொள்ளும் ஏற்பாடாக இருந்தால் அது குற்றமில்லை என்று ஒரு வழியும் விடப்பட்டது.

தொகை சின்னது. சட்டமும் பெரிதாகப் பயன்படவில்லை. ஆனாலும் அதற்குள் இருந்த கருத்து பெரியது. பிள்ளையின் உழைப்பு பெற்றவரின் உடைமை அல்ல என்று எழுத்தில் சொல்லப்பட்டது. பட்டு நெசவும் முன்பணத்தில் ஓடும் தொழில்தான். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழியும் வரை தறி அவருக்கே ஓட வேண்டும். பணம் வாங்கியது தகப்பன் என்றாலும் அதைக் கழிக்கத் தறியில் உட்கார்ந்தவர்களில் பிள்ளையும் ஒருவர்.

ஐந்து ஆண்டுக் காத்திருப்பு

1933-ன் இரண்டாவது நிகழ்ச்சி ஒரு திருமணம். அந்த ஆண்டு ஜூன் மாதம் புனே நகரில் ராஜாஜியின் மகள் லட்சுமிக்கும் காந்தியின் கடைசி மகன் தேவதாஸுக்கும் கல்யாணம் நடந்தது. பெண் தமிழ்நாட்டு ஐயங்கார் குடும்பம். பிள்ளை குஜராத்தி பனியா குடும்பம். அன்றைய வழக்கத்தில் இது எளிதாக நடக்கக் கூடிய கல்யாணம் அல்ல.

இருவரும் விரும்பத் தொடங்கியது 1927-ல். அப்போது லட்சுமிக்கு 15 வயதுதான். தேவதாஸுக்கு 27. விஷயம் தெரிந்தபோது இரண்டு தந்தையரும் முடியாது என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லிவிடவில்லை. ஐந்து ஆண்டுகள் பிரிந்திருக்க வேண்டும், சந்திக்கக் கூடாது, கடிதம் எழுதக் கூடாது, அதற்குப் பிறகும் இதே மனம் இருந்தால் கல்யாணம் என்றார்கள். இருவரும் அப்படியே காத்திருந்தார்கள். மனம் மாறவில்லை. தந்தையர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

இன்றைக்குப் படிக்கும்போது அந்த நிபந்தனை கடுமையாகத் தெரியலாம். ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணுக்காக முடிவை அப்பாக்களே எடுத்துவிடவில்லை. அவள் தானே முடிவெடுக்கும் வயதுக்கு வரும்வரை முடிவைத் திறந்து வைத்தார்கள். இருபத்தோரு வயதில் லட்சுமி சொன்ன பதில் அவளுடைய பதில்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த மரியாதை கிடைத்துவிடவில்லை, காந்தி வீட்டிலேயே கூட. மூத்த மகன் ஹரிலால் இங்கிலாந்து சென்று சட்டம் படிக்க ஆசைப்பட்டார். காந்தி தன் கொள்கையைக் காரணம் காட்டி அதற்கு வழிவிடவில்லை. அந்தக் காயம் கடைசிவரை ஆறவில்லை. இரண்டாவது மகன் மணிலால் தென்னாப்பிரிக்காவில் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார். 1926-ல் காந்தி அதைத் தடுத்துக் கடிதம் எழுதினார். மணிலால் விட்டுக்கொடுத்தார். அடுத்த ஆண்டே அவருக்கு வேறு கல்யாணம் நடந்தது. மூன்று பிள்ளைகளிடமும் அப்பாவுக்கு அன்பு இருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காலம் கொடுக்கப்பட்டது ஒரு பிள்ளைக்கு மட்டும்தான். அன்பு இருப்பது வேறு, அந்த அன்புக்குரியவரைத் தீர்மானிக்க விடுவது வேறு.

மூன்று மணி நேரப் பள்ளிக்கூடம்

இப்போது 1953-க்கு வரலாம். ராஜாஜி சென்னை மாநிலத்தின் முதலமைச்சர். பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்து ஆண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு சொல்லியிருந்தது. பள்ளிக்கூடம் போதாது, வாத்தியார் போதாது, பணமும் இல்லை. ஊருக்குள் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பக்கமே வரவில்லை.

இதற்கு ராஜாஜி ஒரு வழி சொன்னார். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைப்பது. காலையில் ஒரு பிரிவு, பிறகு இன்னொரு பிரிவு என்று அதே கட்டடத்தில் அதே வாத்தியார்களை வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்வது. பெண் பிள்ளைகள் தாயோடு வீட்டு வேலை பழகுவது. 1953 ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது திட்டம் நடைமுறைக்கு வந்தது.

ராஜாஜியின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். உடல் உழைப்பைக் கேவலமாக நினைக்கும் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. கைத்தொழில் வழியாகவே கல்வி என்று காந்தி 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் பாதிப்பும் அவரிடம் இருந்தது. உழவனும் நெசவாளனும் தச்சனும் தன் பிள்ளைக்கு வாத்தியார் ஆகட்டும், அதனால் அந்தத் தொழிலுக்கு மதிப்புக் கூடும் என்று நினைத்தார். நெசவாளர்கள் மேல் அவருக்கு அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. மில் துணியால் கைத்தறி நசிந்துகொண்டிருந்த அந்த நாட்களில், வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசோடு மல்லுக்கு நின்றவரும் அவர்தான்.

ஆனால் வார்தா கல்விக்கும் இந்தத் திட்டத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. வார்தா முறையில் எந்தப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் பள்ளிக்கூடத்தில் கற்கலாம். சென்னைத் திட்டத்தில் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவின் தொழிலைக் கற்க வேண்டும். இந்த நாட்டில் அப்பாவின் தொழில் என்றால் பெரும்பாலும் சாதியின் தொழில். வக்கீல் மகனும் அதிகாரி மகனும் படிக்கும் நகரத்துப் பள்ளிகள் வழக்கம் போல நாள் முழுவதும் நடந்தன. பாதி நாள் படிப்பு கிராமத்துப் பிள்ளைக்குத்தான். எதிர்த்தவர்கள் இதற்கு வைத்த பெயர்தான் குலக்கல்வித் திட்டம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பெரியாரும் திராவிடர் கழகமும் மாநிலம் முழுவதும் எதிர்ப்பைக் கிளப்பினார்கள். 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இதுதான். ராஜாஜியின் சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. கட்சியையும் சட்டமன்றத்தையும் கலக்காமல் திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார் என்பது அவர்களின் குறை. திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் சட்டமன்றத்தில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் நிறைவேறியது. பருலேகர் தலைமையில் அமைந்த குழு திட்டத்துக்குச் சாதகமாகவே அறிக்கை கொடுத்தது. ஆனாலும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1954-ல் ராஜாஜி உடல்நிலையைக் காரணம் காட்டிப் பதவி விலகினார். ஏப்ரல் மாதம் காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே, 1954 மே 18 அன்று, திட்டம் கைவிடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒருவர் அண்ணா. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் பிறந்தவர். தறியில் உட்காராமல் பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். அதே 1953-ல் தேங்கிக் கிடந்த கைத்தறித் துணியை அவரும் அவருடைய கட்சிக்காரர்களும் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். கைத்தறி பிழைக்க வேண்டும் என்று துணி விற்றவர்களே, கைத்தறிக்காரன் பிள்ளை பாதி நாள் தறியில் உட்கார வேண்டும் என்ற திட்டத்தை எதிர்த்துச் சிறைக்கும் போனார்கள். முரண்பாடு போலத் தோன்றும். ஆனால் முரண்பாடு இல்லை. தொழிலைக் காப்பாற்றுவது ஒன்று, அந்தத் தொழிலில் பிறந்தவரை அதிலேயே கட்டிப்போடுவது இன்னொன்று. அண்ணா முதலமைச்சரானதும் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லத்தக்கதாக்கும் சட்டத்தை 1967-ல் நிறைவேற்றினார். தொழிலைப் போலவே திருமணத்திலும், சடங்கை விடவும் இருவரின் சம்மதம் முக்கியம் என்பதுதான் அதன் அடிப்படை.

ராஜாஜியின் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. தன் மகளுக்கு அவர் காலம் கொடுத்தார். அவள் வளர்ந்து, யோசித்து, தானே சொல்லட்டும் என்று விட்டார். கிராமத்துப் பிள்ளைகளிடமிருந்து அவருடைய திட்டம் எடுத்துக்கொண்டது அந்தக் காலத்தைத்தான். பள்ளிக்கூடம் என்பது வெறும் எழுத்தும் கணக்கும் அல்ல. நான் யாராகப் போகிறேன் என்ற முடிவு பழுத்து வரும்வரை பிள்ளைக்குக் கிடைக்கும் அவகாசம். ஆறு வயதில் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டால் பதினெட்டு வயதில் அவனிடம் "உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைத்தான் அவன் சொல்வான்.

லங்காஷயரில் நடந்தது

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல. கைத்தறியை நசுக்கிய மில் துணி எங்கிருந்து வந்ததோ, அந்த லங்காஷயரிலும் இதே கதை நடந்தது. 1844-ல் இங்கிலாந்து கொண்டுவந்த தொழிற்சாலைச் சட்டத்தின்படி எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் பாதி நாள் மில்லில் வேலை செய்யலாம், மீதியில் பள்ளிக்குப் போக வேண்டும். பள்ளி நேரம் எவ்வளவு தெரியுமா? நாளுக்கு மூன்று மணி நேரம். ராஜாஜி திட்டத்தின் அதே மூன்று மணி நேரம்!

பிறகு அந்த வயதுவரம்பு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தப்பட்டது. ஆனால் முறையை அடியோடு ஒழிக்கப் பேச்சு வந்தபோது எதிர்த்து நின்றவர்கள் மில் முதலாளிகள் மட்டுமல்ல. பஞ்சாலைத் தொழிலாளர்களின் சங்கங்களில் 1909 வாக்கில் கருத்துக் கேட்டபோது உறுப்பினர்களில் பெரும்பாலானோர் பிள்ளைகளின் பாதி நாள் வேலை தொடரட்டும் என்றே வாக்களித்தார்கள். அவர்கள் கொடுமைக்காரர்கள் அல்ல. தாங்களும் அப்படி வளர்ந்தவர்கள். சிறு வயதில் விரல் பழகினால்தான் தொழில் வரும் என்று நம்பியவர்கள். வாரக் கடைசியில் பிள்ளை கொண்டுவரும் சில ஷில்லிங் இல்லாமல் வீட்டு வாடகை கட்ட முடியாதவர்கள். 1918-ம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் அந்த முறைக்கு முடிவு கட்டியது.

அமெரிக்காவில் 1972-ல் வேறு வடிவில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம், எங்கள் பண்ணை வாழ்க்கைக்கு அது தேவையில்லை என்றார்கள். நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். எல்லோரும் பெற்றோரின் உரிமையைப் பேசுகிறோம், அந்தப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா என்பது அவருடைய வாதம். பிறகு 1989-ல் ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமை உடன்படிக்கை வந்தது. தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று அதன் 12-வது பிரிவு சொன்னது. இந்தியா அதை 1992-ல் ஏற்றுக்கொண்டது.

சட்டம் விட்ட வாசல்

குலக்கல்வித் திட்டம் போனது. ஆனால் தறிக்குப் பக்கத்தில் பிள்ளை உட்காருவது போய்விட்டதா? உடனே போகவில்லை. காமராஜர் ஆட்சியில் பள்ளிகள் பெருகின. 1956-ல் மதிய உணவு வந்தது. அது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளையும் பள்ளிக்கு இழுத்தது. இருந்தாலும் 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் கூடக் காஞ்சிபுரம் வட்டாரப் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்த பிள்ளைகளைப் பற்றிய அறிக்கைகள் வந்துகொண்டிருந்தன.

1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், துணி நெய்வதையும் சாயம் போடுவதையும் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தடை செய்யப்பட்ட வேலைகளில் சேர்த்தது. ஆனால் ஒருவர் தன் குடும்பத்தாரின் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு இந்தத் தடை பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. பட்டுத் தறியில் பெரும்பாலானவை வீட்டுக்குள்தான் இருக்கின்றன. அடுத்த வீட்டுப் பிள்ளை தறியில் இருந்தால் குற்றம், சொந்தப் பிள்ளை இருந்தால் குற்றமில்லை! 2010-ல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 6 முதல் 14 வயது வரை பள்ளியில் இருப்பது பிள்ளையின் உரிமை ஆனது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயது வரை எந்த வேலையும் கூடாது என்று தடை விரிந்தது. ஆனால் பள்ளி நேரம் போக, விடுமுறை நாட்களில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு மட்டும் தொடர்ந்தது. பள்ளி முடிந்து வந்த பிள்ளை எத்தனை மணி வரை தறியில் உட்கார்ந்தது என்று எந்த அதிகாரி போய்ப் பார்ப்பார்?

குலக்கல்வி என்ற சொல்லும் பழைய செய்தித்தாள்களோடு போய்விடவில்லை. 2023 செப்டம்பரில் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 கைவினைத் தொழில்களுக்குப் பயிற்சியும் கடனும் தரும் திட்டம். கைத்தறி நெசவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் தொழில் குடும்ப வழியில் வந்ததாக இருக்க வேண்டும், 18 வயது நிரம்பினால் போதும் என்ற விதிகள் தமிழ்நாட்டில் பழைய நினைவைக் கிளப்பின. கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் அப்பாவின் தொழிலுக்குக் கடன் கொடுத்து உட்கார வைப்பதா என்று கேள்வி எழுந்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுக்க வேண்டும், குறைந்த வயதை 35 ஆக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. பிறகு 2024 நவம்பரில் அத்திட்டத்தை இப்போதைய வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று எழுதியது. அதற்குப் பதிலாக 35 வயது நிரம்பியவர்களுக்காகக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-ல் தொடங்கியது. இதில் யார் பக்கம் நியாயம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் சண்டை எதைப் பற்றி என்பது கவனிக்க வேண்டியது. 18-க்கும் 35-க்கும் நடுவில் இருப்பது அதே அவகாசம்தான். வேறு ஒன்றை முயன்று பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் திரும்பி வரும் அவகாசம்.

தறியை விட்டவர்களும் தறிக்கு வந்தவர்களும்

இப்போது ஆரணிப் பக்கம் காற்று வேறு திசையில் அடிக்கிறது. பிள்ளையைத் தறியில் பிடித்து வைக்க நினைக்கும் நெசவாளர்களை விட, "இந்தத் தொழில் எங்களோட போகட்டும்" என்று சொல்லும் நெசவாளர்கள் அதிகமாகிவிட்டார்கள். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 2009-10 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் கைத்தறித் தொழிலில் 43 லட்சம் பேர் இருந்தார்கள். 2019-20 கணக்கெடுப்பில் 35 லட்சம்தான். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழே. செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளும் சென்னையின் கம்பெனிகளும் மாதச் சம்பளம் தருகின்றன. பொறியியல் கல்லூரிகள் பக்கத்திலேயே வந்துவிட்டன. பிள்ளைகள் போகிறார்கள். கோர்வைக்குப் பக்கத்தில் உட்காரும் ஆள் பல வீடுகளில் இப்போது மனைவி.

இங்கே கேள்வியின் மறுபக்கம் வருகிறது. ஒரு நெசவாளரின் மகன் படித்துவிட்டு, தறியிலேயே உட்கார விரும்புகிறேன் என்று சொன்னால்? புதிய வடிவம் போட வேண்டும், சாயத்தில் ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால்? பல வீடுகளில் அதற்கும் எதிர்ப்புத்தான். உன்னைப் படிக்க வைத்தது இதற்கா என்ற கேள்விதான். நெசவைப் படிப்பாகவே படிக்கலாம். சேலத்தில் 1960-லிருந்து இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இயங்குகிறது. அங்கே படித்துவிட்டுத் தறியை நோக்கிப் போகிறவர், வேறு வழியில்லாமல் உட்கார்ந்தவர் அல்ல. பல வழிகளைப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர். ஐந்து வயதில் தறியில் அமர்த்தப்பட்டவரும் இருபத்தைந்து வயதில் தறியில் அமர்ந்தவரும் நெய்யும் சேலை ஒன்றாகவே இருக்கலாம். வாழ்க்கை ஒன்றல்ல.

அப்பா தறியில் உட்காரச் சொல்வதும் கட்டாயம்தான், அப்பா தறியிலிருந்து எழுந்திருக்கச் சொல்வதும் கட்டாயம்தான். "ஐடி கம்பெனிக்குத்தான் போகணும்" என்பதும் குலக்கல்வியின் தூரத்துச் சொந்தம். முன்பு பிள்ளையை அப்பாவின் தொழிலுக்கு எழுதிவைத்தார்கள். இப்போது அப்பாவுக்குக் கிடைக்காத தொழிலுக்கு எழுதிவைக்கிறார்கள். இரண்டிலும் அன்பு இருக்கிறது, பயமும் இருக்கிறது. பிள்ளையைக் கேட்பது மட்டும்தான் இல்லை.

அந்தப் பயத்தைக் குறைத்துப் பேசவும் கூடாது. கூலி நியாயமாகக் கிடைத்து, முன்பணக் கடன் இல்லாமல் இருக்கும் வீட்டில் "உன் இஷ்டம்" என்று சொல்வது எளிது. அடுத்த மாதச் சாப்பாட்டுக்கே பிள்ளையின் கையை எதிர்பார்க்கும் வீட்டில் அது பெரிய தியாகம். அதனால் பிள்ளைகளின் சுதந்திரத்தை மதியுங்கள் என்று பெற்றவர்களுக்கு உபதேசம் செய்வது மட்டும் போதாது. நெசவாளருக்குப் பிள்ளையின் உதவி இல்லாமலேயே பிழைக்கும் கூலி கிடைக்க வேண்டும். லங்காஷயரில் அந்தத் தொழிலாளர்கள் பாதி நாள் வேலைக்கு வாக்களித்தது அன்பு குறைந்ததால் அல்ல, கூலி குறைந்ததால்.

1953-ல் சட்டமன்றத்தில் மணிக்கணக்காக வாதம் நடந்தது. தெருவில் போராட்டம் நடந்தது, நிபுணர் குழு கூடியது, ஒரு முதலமைச்சர் பதவி விலகினார். இத்தனையிலும் திட்டம் யாருக்காகவோ அந்தப் பிள்ளைகளிடம் யாரும் பெரிதாகக் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. அன்றைக்கு ஆறு வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. அவர்களில் எத்தனையோ பேர் அந்தத் திட்டம் ஒரே ஆண்டில் போனதால் முழு நாள் பள்ளியில் உட்கார்ந்து, படித்து, வாத்தியாராகவும் குமாஸ்தாவாகவும் என்ஜினீயராகவும் ஆனார்கள். சிலர் தறிக்கே திரும்பியும் இருப்பார்கள். எது நல்ல வாழ்க்கை என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கும் வயது வரும்வரை கதவு சாத்தப்படாமல் இருந்ததா என்பதுதான் கேள்வி. நேசிப்பவர்கள் செய்ய வேண்டியதும் அந்தக் கதவைச் சாத்தாமல் வைத்திருப்பதுதான்.